சத்தக்கார மில்டன்

குடுவையில் மிஞ்சிய மாத்தே இலைத் தேநீரின் கடைசிச் சொட்டையும் உறிஞ்சுகுழலில் 'சர்ர்' என்று இழுத்துவிட்டுத்தான் எங்கள் ஆஸ்பத்திரியின் பழுது பார்ப்பவர் மில்டன் பெரெய்ரா எந்தக் கம்ப்யூட்டரையும் தொடுவார். வெந்நீர் ஃபிளாஸ்க் எப்போதும் இடது அக்குளில் இருக்கும். ஆகவே ஒற்றைக் கையால்தான் தட்டச்சு. அதுவும் தட்டுவது போல இருக்காது, ஆணி அடிப்பது போல இருக்கும்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, மில்டனுக்கு மணி அவருடைய பூட்ஸ். நடையின் மறுகோடியில் அந்தக் 'கிறீச்' கேட்டதுமே வரவேற்பு மேசையில் அவர் ஃபிளாஸ்குக்கு இடம் ஒதுக்கிவிடுவேன். குரலோ, அடுத்த குன்றில் மேயும் மாட்டைக் கூப்பிடுகிற குரல். "உங்க பேச்சக் கேக்க மெஷினே வேணாங்க" என்று எங்கள் காதுப் பிரிவின் சுல்மா டாக்டர் கிண்டல் செய்வார்.

அந்தப் பிரிவில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அது லினக்ஸில் ஓடுகிறது. காது கேட்க மாட்டும் மெஷினைச் சரிப்படுத்தும் நிரலோ பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும். அதனால் மில்டன் லினக்ஸுக்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டரை அமைத்து, அதில் விண்டோஸைக் குடிவைத்திருக்கிறார். "வீட்டுக்குள்ள ஒரு வாடகைக்காரன்மா. வீட்டுக்காரன் பூட்ட மாத்துனா இவன் சாவி சேராது. என்னைக் கேக்காம யாரும் அப்டேட் அமுக்காதீங்க!"

போன செவ்வாய் காலை சுல்மா அமுக்கிவிட்டார். பொய்க் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. பதற்றத்தில் அதன் மென்பொருளை நீக்கினார், நிறுவினார், மறுபடி நீக்கி மறுபடி நிறுவினார். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

உள்ளே ஃபபியானா காத்திருந்தாள். தரையில் அவள் மகன் லிசாந்த்ரோ, மூன்று வயது. பிறந்ததிலிருந்தே அவனுக்குக் காது கேட்காது. அன்றைக்குத்தான் முதன்முதலாக மெஷின் மாட்ட வந்திருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. மதியப் பேருந்தை விட்டால் ஓடையில் வெள்ளம் ஏறிப் பண்ணைக்கு வழி அடைபட்டுவிடும். மறுபடி எப்போது வர முடியுமோ, அவளுக்கே தெரியாது.

நான் ஓடிப்போய் மில்டனைக் கூட்டிவந்தேன். வந்ததும் ஒரே கேள்விதான் கேட்டார். "டாக்டரம்மா, உள்ள இருந்த வாடகைக்காரன அழிச்சிட்டீங்களா?"

"இல்லங்க, மென்பொருளத்தான் நீக்குனேன்."

"அப்பப் பொழச்சோம்." திரையில் வந்த பிழைச் செய்தியை முழுவதும் உரக்கப் படித்தார். "அது அழுவுறதக் காதுல வாங்காமலே எல்லாரும் ஓகே அமுக்கிடுறீங்க! லினக்ஸுக்குப் புதுக் கெர்னல் வந்துருக்கு, வீட்டுக்காரன் மாத்துன பூட்டு அதான். இந்தப் பழைய மென்பொருள் அதோட ஒட்ட மாட்டேங்குது." புதிய மென்பொருளை இறக்கப் பார்த்தார். மழையில் இணையம் படுத்துவிட்டிருந்தது.

"அட கட்டையில போறவனே!" என்று மேசையில் ஓங்கி அறைந்தார். நாங்கள் எல்லோரும் துள்ளினோம். அவர் காலடியில் பூட்ஸ் கயிற்றை இழுத்து விளையாடிக்கொண்டிருந்த லிசாந்த்ரோ மட்டும் நிமிரவே இல்லை.

மில்டன் அவனையே பார்த்தார். அறைந்த கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டார்.

"ஐயா, இன்னைக்கு ஆவுமா?" என்றாள் ஃபபியானா.

"ஆவும்மா." அந்த மனிதரிடம் இவ்வளவு சின்னக் குரல் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். "லினக்ஸு நல்லவன். புதுசு வந்துடுச்சுன்னு பழசத் தொரத்திவிட மாட்டான்." கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தார். மென்பொருளை அதோடு ஒருமுறை சேர்த்துக் கட்டினார். பொய்க் கம்ப்யூட்டர் கண் திறந்தது.

வழக்கமாக இந்த இடத்தில் "எந்திரிச்சுட்டான்யா!" என்று ஆஸ்பத்திரியையே கூட்டுவார். அன்று வாயைத் திறக்கவில்லை.

சுல்மா பையனின் காதுகளில் மெஷின்களைப் பொருத்தி, அளவுகளைச் சரிப்படுத்தினார். "ஆன் பண்ணப் போறேன். நீங்க கூப்பிடுங்கம்மா."

மில்டன் கையைத் தூக்கி, கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை காட்டினார். குனிந்து பூட்ஸைக் கழற்றினார். ஒரு காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. பூட்ஸ் ஒரு கையில், ஃபிளாஸ்க் அக்குளில், நுனிக்காலில் என்னையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து கதவை ஓசைப்படாமல் சாத்தினார்.

"லிச்சோ..." உள்ளிருந்து ஃபபியானா மகனைச் செல்லப்பெயரில் கூப்பிடும் குரல். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். பையன் வாயைப் பிளந்தபடி அம்மாவின் பக்கம் திரும்பினான். எனக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது.

"திரும்பிட்டான்" என்றேன்.

மில்டன் தலையை மட்டும் ஆட்டினார். பூட்ஸைப் போட்டுக்கொள்ளவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே, அந்த நீள நடை முழுவதையும் வெறும் காலுறையோடு நடந்து போனார்.