எட்டாயிரம் கிலோமீட்டருக்கு நாற்பது மீன்

மாமியார் மெச்சிய மருமகள் இல்லை என்பார்கள். நான் மெச்சுகிறேன். யாருக்கு வயிறு எரிந்தாலும் எரியட்டும்.

வண்ண மீன்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கிறோம். அவள் பை கட்டுகிறவள், நான் பெட்டிக்குச் சீட்டு ஒட்டுகிறவள். உறவில் யாராவது மருமகளுக்கு என்ன வேலை என்று கேட்டால், “ஏதோ கம்பெனி” என்று மழுப்பிவிடுவேன். மீன் பை கட்டுகிறாள் என்று சொல்லக் கூச்சம்.

பையில் கால் பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், வாயில் ரப்பர் வளையம். எத்தனை மீன் போடலாம் என்பதில்தான் சூட்சுமம். பயணம் நீண்டால் மீன் குறைய வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு ஊருக்கும் விமானத் தூரத்தைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள். விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

முதலாளியின் மாப்பிள்ளை புதிதாகப் பொறுப்புக்கு வந்த நேரம். ஒரு புது ஊருக்கு முதல் சரக்கு. காலை ஆறு மணிக்கு வந்து நின்றார்.

“பத்து மணிக்குக் கிளம்புது, மூணு மணிக்கு இறங்குது. அஞ்சு மணி நேரந்தான். பைக்கு அறுபது போடுங்க.”

“அது அவங்க ஊரு மூணு மணி சார். தூரம் எட்டாயிரம் கிலோமீட்டர். மணிக்கு எண்ணூறுன்னு வச்சாலும் பத்து மணி நேரம். அஞ்சுல போக அது என்ன ராக்கெட்டா?”

நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் கறுத்தது. “எனக்கே கணக்கு சொல்லித் தர்றியாம்மா?”

“விமானத்துல ஏத்த நாலு, இறக்கித் திறக்க நாலு, ஆக இங்க கட்டி அங்க திறக்கிற வரைக்கும் பதினெட்டு மணி நேரம் சார். நான் கட்டுனா நாப்பதுதான். என் கணக்கு தப்புன்னா நாளைலேருந்து வேலைக்கு வரல.”

நான் சீட்டைக் கோணலாக ஒட்டிவிட்டேன். என் மகன் வேலை தேடி அலைந்துகொண்டிருந்த மாதம் அது. முழங்கையால் இடித்தேன். “வாயைக் கொஞ்சம் அடக்கேன்டி.”

“அதுங்க வாயில்லா ஜீவன் அத்தை. நாமதான் பேசணும்.”

வேறு ஆள் தேட நேரமில்லை. அவர் விட்டுவிட்டார். அவள் நாற்பது நாற்பதாகக் கட்டி அனுப்பினாள். ஒரே ஒரு பையில் மட்டும் அறுபது போட்டு அவர் மேசையில் வைத்தாள். “உங்க கணக்கு இதுல இருக்கு சார். பாத்துக்கிட்டே இருங்க.”

நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. மாலை ஏழு மணிக்கு, அவர் கணக்குப்படி அங்கே பெட்டிகளைத் திறந்திருக்க வேண்டும். வாங்கியவருக்குப் போன் போட்டார். விமானம் இறங்கவே இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று பதில் வந்தது. போனை வைத்துவிட்டு மேசைப் பையைப் பார்த்தார். அறுபது மீனும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

அவர் எழுந்திருக்கும் முன்பே மருமகள் கத்தரிக்கோலோடு வந்து, பையை வெட்டித் தொட்டியில் விட்டுவிட்டாள். எல்லாம் பிழைத்தன.

மறுநாள் காலை தகவல் வந்தது. அங்கேயும் ஒன்றுகூடச் சாகவில்லை. மாப்பிள்ளை பென்சிலோடு வந்து, அந்த ஊர்ப் பெயரைத் தானே சுவரில் எழுதினார்.

“எவ்வளவும்மா தூரம்?”

அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போதெல்லாம் கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொல்கிறேன்: என் மருமகள் மீன் பை கட்டுகிறாள்.