கதிர் இல்லாமல் ஓங்கிய கோல்

எனக்கு எழுத்து ஓடாது. ஐந்தாவது வரைதான் படித்தேன். நடந்ததை முன்னும் பின்னுமாகச் சொல்வேன், சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். தோள் போனவர்கள் யாராவது படித்தால், நான் செய்த தப்பைச் செய்யாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன வருஷம் சாமை அறுத்துக் களத்தில் அடித்துக்கொண்டிருந்தோம். கோலைத் தலைக்கு மேல் ஓங்கினேன். கை இறங்கியது, கோல் இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் தரையில் கிடக்கிறது. கை அதை எப்போது விட்டது என்று தெரியவில்லை. வலி அதற்கப்புறம்தான் வந்தது.

மருமகள் மல்லிகா என்னை மலையிலிருந்து வேலூருக்குக் கூட்டிப்போனாள். தோளில் தசைநாண் (தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நார்) பாதி கிழிந்திருக்கிறது என்று ஸ்கேன் பார்த்த டாக்டர் சொன்னார்.

"இப்ப ஆப்ரேஷன் வேணாம்மா, பயிற்சி பண்ணுங்க. முழுசா கிழிஞ்சிச்சின்னா இந்த வயசுல தைக்கறது கஷ்டம். கை தொங்கிடும்."

பஸ் மலை ஏறும் வரை அந்தச் சொல் கூடவே வந்தது. எனக்குச் சோறு பிசைவது, கொண்டை போடுவது, களை வெட்டுவது எல்லாம் அந்தக் கைதான்.

பயிற்சி சொல்லித்தந்தவர் ஒரு பிசியோதெரபி டாக்டரம்மா (பயிற்சியால் உடம்பைச் சரிசெய்பவர்). வாரா வாரம் மலை இறங்க முடியாது என்றதும், போனிலேயே சொல்லித்தருகிறேன் என்றார். கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கும் அப்படித்தானாம். மட்டை வீசுவதை அவர்கள் வீடியோ எடுத்து அனுப்புவார்கள், இவர் பார்த்துத் திருத்துவார். ஒருவர் வீசுவதை எங்களுக்கும் அனுப்பினார்.

மல்லிகா பார்த்துவிட்டு, "இன்னா அத்த, இவ்ளோ மெனக்கெட்டு அடிச்சி, பந்த அவரே தேடிக்கினு போறாரு" என்றாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நான் பார்த்தது அந்த மனிதரின் இடுப்பை. இடுப்பு முதலில் திரும்பியது, தோள் அதன் பின்னால் போனது, கை கடைசியாக வந்தது. சின்ன வயதிலிருந்து நான் கையால் மட்டுமே ஓங்கியிருக்கிறேன்.

அதே மாதிரி வீட்டிலிருக்கும் கோலை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பைத் திருப்பி, மெதுவாகக் காற்றில் வீசச் சொன்னார். காலையில் பத்து, சாயங்காலம் பத்து. வாரம் ஒரு வீடியோ.

வீடியோ என்றாலே எனக்கு உடம்பு கூசும். சேலையைத் தூக்கிச் செருகி நிற்கும் காலை வேற்று மனிதர் பார்ப்பதா? இடுப்புக்கு மேலே மட்டும் எடு, சத்தம் கேட்கக் கூடாது என்றேன். மல்லிகா அப்படியே எடுத்து, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போய் அனுப்புவாள். 'நல்லா திரும்புறீங்கம்மா' என்று பதில் வரும்.

வீச்சு திருந்திக்கொண்டே வந்தது. கை மோசமாகிக்கொண்டே போனது. மூன்றாம் வாரம் தோளுக்குள் நறுக்கென்று ஒரு சத்தம். அடுத்த வாரம் தண்ணீர்ச் சொம்பு கைநழுவியது. பயிற்சி என்றால் வலிக்கத்தானே செய்யும் என்று பேசாமல் இருந்தேன்.

சொம்பு விழுந்ததை மல்லிகா போனில் சொல்லிவிட்டாள். டாக்டரம்மா வீடியோ காலில் வரச் சொன்னார். மேட்டுக்குப் போனோம். மல்லிகா போனைப் பாறையில் சாய்த்து வைத்தாள், என் முழு உடம்பும் தெரிந்தது. கொண்டுபோன சாமைத் தாளை (கதிர் உதிர்த்த வைக்கோல்) கீழே பரப்பினேன். கோலை ஓங்கி அதன்மேல் ஓர் அடி போட்டேன்.

"அம்மா, நிறுத்துங்க. எதுக்கு தரைய அடிக்கிறீங்க?"

"கதிரு இல்லாம கோல ஓங்கக் கூடாதுங்க. வர்ற வருசம் களத்துக்கு ஒண்ணும் வராது. அதான் தாளு போட்டுக்கினேன்."

"தெனமும் இப்பிடித்தானா?"

"ஆமாங்க. பத்தும் பத்தும்."

அவர் முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்தார். "ஒவ்வொரு அடியும் அந்தக் கிழிசல்லதாம்மா போய் விழுந்திருக்குது."

மல்லிகா என்னைப் பார்க்கவில்லை. அவளும் மலையில் பிறந்தவள்தான். கோலுக்குக் கீழே தாள் போட்டது அவளுக்கும் தப்பாகத் தெரிந்திருக்காது.

"அப்ப கோலே வேணாம். குடை இருக்குதா?" என்றார் டாக்டரம்மா.

"இருக்குதுங்க."

"குடைய வீசுங்க. அதுக்கு ஒண்ணும் சாங்கியம் இல்லியே?"

இல்லை என்றேன். ஆனால் அதற்குள் நாள் போய்விட்டது. மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். பாதி, முக்கால் ஆகியிருந்தது. மிச்சம் இவ்வளவுதான் என்று டாக்டர் நகத்தின் நுனியைக் காட்டினார்.

அன்றிலிருந்து குடைதான். ஒரு நாளும் விடவில்லை. இப்போது கை காது வரை போகிறது. அதற்கு மேல் தூக்கினால் உள்ளே ஏதோ இழுக்கிறது. கொண்டை மல்லிகாதான் போட்டுவிடுகிறாள்.

முன்பெல்லாம் ஓங்குவதும் இறக்குவதும் எனக்கு ஒரே வேலை. இப்போது நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே மூச்சைப் பிடித்து நின்று, உள்ளே காது கொடுக்கிறேன். சத்தம் இல்லையென்றால் இறக்குகிறேன். ஒரு நாளில் இருபது தடவை அப்படி நிற்கிறேன். அந்த நேரம் மட்டும் நீளமாக இருக்கிறது, மற்ற பொழுது எப்படிப் போகிறது என்றே தெரியவில்லை.

சாமை மறுபடி முற்றி நிற்கிறது. இந்த முறை யார் அடிப்பது என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. அறுப்பு முடிந்ததும் ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நார், பாதி, முக்கால் என்று எழுதியதெல்லாம் காதால் கேட்டு வைத்துக்கொண்டது. வாரக் கணக்கும் சரியோ என்னவோ. விவரம் தெரிந்த யாராவது ஒரு டாக்டரிடம் காட்டி இதைச் சரிபார்த்துத் தாருங்கள். அதுவரை, நான் எழுதியதை நம்பி யாரும் கையை ஓங்க வேண்டாம்.