கால் எட்டாத வண்டி

என் உயரம் ஐந்தடிக்கு ஒரு விரல்கடை குறைவு. அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. ரப்பர் தோட்டத்தில் நான் கித்தா மரத்துப் பால் வெட்டிய காலத்தில், வெட்டுக்கோடு கீழே இறங்க இறங்க மற்றவர்கள் குனிந்து வெட்டுவார்கள். எனக்கு அது வாகாக இருக்கும். பிறகு ஈப்போவில் சட்டை தைக்கும் ஃபேக்டரிக்குப் போனேன். அங்கே நெட்டையான பெண்களெல்லாம் இடுப்பு வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்க, நான் பாட்டுக்குக் காலர் தைத்துக்கொண்டிருப்பேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஃபேக்டரி வேன் நின்றுபோகப் போகிறது என்று தெரிந்த பிறகுதான் என் உயரம் ஊர் விவகாரமாயிற்று.

எங்கள் தோட்டத்தில் அப்போது கித்தாவைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சிலர் பீடோருக்கும் தெலுக் இந்தானுக்கும் போனார்கள், பலர் ஈப்போவுக்கே குடியேறிவிட்டார்கள். வேனில் பதினான்கு பேர் ஏறிய இடத்தில், கடைசியில் நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும்தான் மிச்சம். இரண்டு பேருக்காக வேன் மெயின் ரோட்டைவிட்டு உள்ளே நாலு மைல் வருமா? இன்னும் மூன்று மாசம்தான், அதோடு சரி என்று டிரைவர் சொல்லிவிட்டார். மெயின் ரோட்டில் முதல் பஸ் ஆறே முக்காலுக்கு. ஃபேக்டரியிலோ ஏழு மணிக்கு வருகை அட்டை குத்தியாக வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஈப்போவில் தங்க அத்தை வீடு இருந்தது. எனக்கு அப்படி யாருமில்லை. நேரத்துக்கு வர முடியாதென்றால் கடிதம் எழுதிக் கொடுத்துவிடு என்று சூப்பர்வைசர் சொன்னாள். அதைக் கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் எனக்குக் கோபம். அந்த வேலை போனால் செம்பனைக்கு அடியில் உதிரிப்பழம் பொறுக்கப் போக வேண்டியதுதான். காலர் தைக்கக் கற்றுக்கொண்ட கைக்கு அது பிடிக்கவில்லை.

வீட்டில் கப்சாய் என்கிற சின்ன மோட்டார் வண்டி ஒன்று இருந்தது. எங்கள் கல்யாணத்தின்போது என் வீட்டுக்காரர் வாங்கியது. எட்டு வருஷமாக அதன் பின்னால் ஒருபக்கமாகக் கால் போட்டு, சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கும் பசாருக்கும் போய் வந்திருக்கிறேன். அவருக்கு அப்போது லூமுட்டில் கட்டுமான வேலை. சனிக்கிழமை மாலை வந்து திங்கட்கிழமை விடியலில் பஸ் ஏறிவிடுவார். நடுவில் வண்டி வாசலில் சும்மாதான் நிற்கும். நான் கேட்பதற்கு முன்னாலேயே அவர், “நீ எடுத்துக்க, ஓட்டிக் கத்துக்கலாம்லா” என்றார். எங்கள் லயத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய பெண் அதுவரை யாரும் இல்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கும் அதற்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

செம்மண் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொண்டேன். சைக்கிள் தெரியும் என்பதால் வண்டி நேராகப் போய்விடும். அவர் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வருவார். சிக்கல் ஓட்டுவதில் இல்லை, நிறுத்துவதில். நிறுத்தினால் கால் தரையில் ஊன்றாது. கட்டைவிரல் நுனி மட்டும் மண்ணைத் தொடும், வண்டி மெதுவாகச் சாயும், நானும் சேர்ந்து சாய்வேன். ஓட்டும்போது கை இரண்டும் விறைத்து நீண்டிருக்கும். பிரேக் மிதி கால்விரலுக்கு நழுவி நழுவிப் போகும். குள்ளச்சிக்கு இந்த வண்டி ஒத்துவராது என்று லயமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. வீட்டுக்காரர் ஆறடிக்குப் பக்கம். அவருக்கு ஏற்ற வண்டி எனக்கு எப்படி ஏற்கும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ரோட்டு முனையில் பட்டறை வைத்திருந்த சீன முதலாளியிடம், எல்லாருக்கும் அவர் தவுக்கே, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். சீட்டுக்குள் இருக்கும் பஞ்சை வெட்டிக் குறைக்கலாம் என்றார். என்னை ஏறி உட்காரச் சொல்லி, உட்கார்ந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். ஏன் இவ்வளவு தள்ளி உட்காருகிறாய் என்று மலாயில் ஒருமுறை கேட்டார். எனக்கு இங்கேதான் வசதி, நீங்கள் வெட்டுங்கள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. இரண்டு விரல்கடை வெட்டினார். அதற்கும் கால் சரியாக ஊன்றவில்லை. தடித்த அடி வைத்த சப்பாத்து ஒன்று வாங்கினேன். அந்தச் சனிக்கிழமை வீட்டுக்காரர் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் வெட்டின மாதிரியே தெரியவில்லையே என்றார். தவுக்கே ஏமாற்றிவிட்டார் என்று நாங்கள் இரண்டு பேரும் அவரைத் திட்டினோம்.

லைசென்ஸ் டெஸ்டுக்கு அந்த லட்சணத்தில்தான் போனேன். வளைந்து வளைந்து ஓட்டியதெல்லாம் சரியாக வந்தது. கடைசியில் கோட்டருகே நிறுத்திக் கால் ஊன்ற வேண்டும். ஊன்றினேன். வண்டியோடு கீழே கிடந்தேன். அதிகாரி நல்லவர், தூக்கிவிட்டுத்தான் ஃபெயில் போட்டார். மறுபடி வரச்சொன்ன நாள் ஒரு வியாழக்கிழமை. வேன் கடைசியாக ஓடுவது அதற்கு இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை.

அதன்பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. வேன் ஜன்னலோரம் உட்கார்ந்து, ரோட்டில் போகிறவர்கள் வண்டியில் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போவேன். பால் வெட்டுகிறவர்கள் வண்டியின் இரண்டு பக்கமும் தோம்பு என்கிற பால் வாளிகளைக் கட்டுவார்கள். அதனால் ஹாண்டில் பக்கம் ஏறி ஒட்டி உட்காருவார்கள். தோம்பு கட்டாமல் டவுனுக்குப் போகும்போதும் அவர்களுக்கு அந்த உட்காரல்தான், பின்னால் பாதி சீட் காலியாகக் கிடக்கும். தபால்காரர் பையின் பாரத்துக்கு எதிராக எப்போதும் ஒரு பக்கம் சரிந்தே போவார். காய்கறிக் கூடையோடு வரும் சீனக் கிழவர் முழங்காலை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு வருவார். வண்டி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். உட்காரும் விதம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. இதை ஏன் இத்தனை வருஷம் கவனிக்காமல் போனேன் என்று எனக்கே ஆச்சரியம்.

ஒருநாள் மாலை, பிள்ளை பெற்ற ஒரு பெண்ணைப் பார்க்க லயத்துக்கு மலாய் நர்ஸ் வந்தார். அவருடையதும் கப்சாய்தான். வாசலில் நிறுத்தி, பஜூ குரோங் பாவாடை கசங்காமல், இரண்டு பாதத்தையும் தரையில் முழுசாக ஊன்றி இறங்கினார். நான் வேண்டுமென்றே பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். என் காது வரைக்கும்தான் இருந்தார். சீட்டில் பஞ்சை வெட்டினீர்களா என்று கேட்டேன். அவர் புரியாமல் பார்த்தார். எதையும் வெட்டவில்லை, உட்கார்ந்தேன், கால் எட்டியது என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைவிடக் குள்ளமானவருக்கு எட்டும் தரை எனக்கு ஏன் எட்டவில்லை? என் கால் மட்டும் குட்டையோ என்று சுவரோரம் நின்று, தையல் டேப்பால் இடுப்பிலிருந்து அளந்துகூடப் பார்த்தேன்.

டெஸ்டுக்கு முந்தின திங்கட்கிழமை மாலை. பக்கத்து வீட்டுப் பெண் கடைக்குப் போக வேண்டும் என்று வந்தாள். நான் ஓட்டிப் பழக வண்டியை எடுத்திருந்தேன். ஆள் ஏற்றக் கூடாது என்று தெரியும். ஆனாலும் தோட்டத்து ரோடுதானே, ஏறிக்கொள் என்றேன். அவள் பின்னால் வந்து நின்றாள். ஏறவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி நின்றாள்.

“நான் எங்கக்கா ஒக்கார்றது?” என்றாள். “நீங்க என் எடத்துலல்ல ஒக்காந்திருக்கீங்க.”

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் கம்பிதான் இருந்தது. முன்னால் பார்த்தேன். எனக்கும் ஹாண்டிலுக்கும் நடுவில் ஒரு ஆள் தாராளமாக உட்காரும் அளவுக்கு சீட் காலியாக இருந்தது. அது என் வீட்டுக்காரர் உட்காரும் இடம். எட்டு வருஷமாக எந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தேனோ அதே இடத்தில், காலை மட்டும் இரண்டு பக்கமும் போட்டு உட்கார்ந்து, அவருக்கு இடம் விட்டு ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். சைக்கிளில் உட்கார ஒரே இடம், தப்ப முடியாது. கப்சாய் சீட் நீளமாக, ஒரே மட்டமாகக் கிடக்கிறது. இது உன் இடம், அது அவர் இடம் என்று எதில் எழுதியிருக்கிறது? பின்பக்கம் சீட் அகலம் வேறு. தொடை விரிந்தால் கால் எங்கே எட்டும்?

முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். முழங்கை மடங்கியது. இரண்டு பாதமும் செம்மண்ணில் முழுசாகப் பதிந்தன. பிறகு இரண்டு பேரும் ரோட்டில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் ஏறி உட்கார்ந்ததும், வெட்டிய பள்ளத்தில் பொதுக்கென்று இறங்கி மறுபடி சிரித்தாள்.

சிரித்து முடித்த பிறகு எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்காரர் இரண்டு மாதமாகப் பின்னாலேயே ஓடி வந்தாரே, அவர் கண்ணுக்குத் தெரியவில்லையா? தெரிந்திருக்காது. அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருப்பது அவருக்கும் சரியாகத்தான் பட்டிருக்கும். லயத்தில் எல்லாரும் என் காலையே பார்த்தார்கள், நானும் என் காலையே பார்த்தேன். கேட்டது தவுக்கே ஒருவர்தான், அவருக்கு நான் கொடுத்த பதில் அப்படி. மறுநாள் அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. புதுப் பஞ்சு வைத்து, பள்ளத்தை நிரப்பித் தைத்துக் கொடுத்தார்.

வியாழக்கிழமை பாஸாகிவிட்டேன். கோட்டருகே நிறுத்தி, காலை ஊன்றி, தேவைக்கு மேலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

திங்கட்கிழமை விடியலில் வேலைக்கு நானே வண்டி எடுத்தேன். வீட்டுக்காரர் ஈப்போவில் லூமுட் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவர் வழக்கம்போல முன்னால் ஏறப் போனார். நான் சாவியைக் கொடுக்கவில்லை. ஒரு நொடி தயங்கிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். அந்த வண்டியின் பின்னால் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தோளில் வைத்தார், எடுத்தார், கம்பியைப் பிடித்தார். செம்மண் ரோட்டுக் குழிகளில் நான் எழுந்து கொடுத்து ஓட்டினேன். எனக்குக் குழி தெரிகிறது, அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு குழிக்கும் பின்னால் ஒரு முனகல் கேட்டது. பிரேக் பிடித்தால் என் முதுகில் வந்து முட்டினார்.

ஈப்போ பஸ் நிலையத்தில் இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீள நீளக் கால்கள், அவை இரண்டும் மரத்துப்போயிருந்தன. பையை வாங்கிக்கொண்டவர் நகரவில்லை.

“பின்னாடி ஒக்காந்தா முன்னால என்ன வருதுன்னே தெரியலியே புள்ள,” என்றார். “நீ எப்படி எட்டு வருஷமா வந்த?”

இடுப்பு வலிக்கிறதா, கால் மரத்துப்போகிறதா என்று என்னை யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ஒரு மாசமாக ஊரில் உள்ளவர்கள் உட்கார்வதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்தவள் நான். பின்னால் உட்கார்ந்து வந்த ஒருத்தியைக்கூடப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. அவர் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார்.

“வலிக்கும்,” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மணி ஆறு நாற்பதாகியிருந்தது, எனக்கு அட்டை குத்த வேண்டும். பஸ் வந்துவிட்டது, போங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.