டர்போவுக்குப் பூ கேட்ட கதை

என் வீட்டுக்காரர் எங்கள் காரில், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பெரிய டர்போ பூட்டியிருக்கிறார். அதற்கு ஏற்றபடி இன்ஜின் கம்ப்யூட்டரைப் புதிதாக வாங்குவதா, அவர் சொல்கிறபடி பழையதன் புரோகிராமையே திருத்தி எழுதுவதா என்று வீட்டில் ஓயாத சண்டை.

நான் வீடியோ பார்த்துக் கற்றவள். அவ்வளவு காற்றழுத்தத்தைப் பழைய கம்ப்யூட்டரால் அளக்கவே முடியாது. அளவு தெரியாமல் பெட்ரோலைக் குறைத்து விட்டால் பிஸ்டன் உருகிவிடும்.

"அம்மன்கிட்ட பூ கேட்டுடலாங்க" என்று வாயை விட்டதும் நான்தான். அவள் என் பக்கம் என்ற தைரியம். இரண்டு பொட்டலம், வெள்ளைப் பூ வந்தால் புதியது, சிவப்பு வந்தால் பழையது.

இன்று காலை திண்டிவனத்தில், எங்கள் தெருக் கோயிலில், பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். செவ்வரளி.

"இன்னொரு தபா எடுங்க பூசாரி."

"ஆத்தா சொன்னத நம்பலன்னா ஏம்மா கேக்க வந்தீங்க?"

நேராகக் கூட்டேரிப்பட்டு மெக்கானிக்கிடம் கிளம்பிவிட்டோம். வீட்டுக்காரர் விசிலடித்தபடி ஓட்டினார். மீறினால் தெய்வக் குற்றம், மீறாவிட்டால் இன்ஜின் போய்விடும்.

"இன்னா யோசிச்சிக்கினு வர்ற?"

"பூ கம்ப்யூட்டருக்குத்தானேங்க கேட்டோம்? பழசே இருக்கட்டும். அதால அளக்க முடியிற வரைக்கும் மட்டும் டர்போ அழுத்தத்த வைக்கச் சொல்லுங்க."

விசில் நின்றது.

"அப்புறம் பெரிய டர்போ இன்னாத்துக்கு? இரு, அதையும் ஆத்தாளையே கேட்டுடலாம்."

கார் இப்போது மறுபடி கோயிலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. வெள்ளை வந்தால் அழுத்தத்தைக் குறைப்பது, சிவப்பு வந்தால் முழுசாக வைப்பது. இந்த முறையும் சிவப்பு வந்தால் நான் என்ன செய்ய? பூ கேட்டு மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், நாங்கள் போய்ச் சேருவதற்குள் சொல்லுங்கள்.