வெயில் பக்கத்து நாற்காலிகள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் அப்பாவுக்கு நாற்பது நாற்காலிகளின் மேல் அதிகாரம் கிடைத்தது. வெள்ளைக்காரர் காலம். அப்பா தென்காசியில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத் துரைகளும் திருநெல்வேலி வக்கீல்களும் வந்து பங்களாக்களில் தங்குவார்கள். அவர்கள் ஆடும் டென்னிஸ் பந்தயத்துக்கு, யார் எங்கே உட்காருவது என்று தீர்மானிக்கும் வேலை அந்த வருஷம் அப்பா தலையில் விழுந்தது.

ஒரு வாரம் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆடுகளத்தின் மேற்கே மலை. அதனால் மேற்குப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் முதுகில், துணிப்பந்தலும் அங்கேதான். துரைமாருக்கும் ஜமீன்களுக்கும் வக்கீல் குடும்பங்களுக்கும் அந்தப் பக்கம். கிழக்கே உட்கார்ந்தால் சாய்கிற வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். அது கடைக்காரர்களுக்கும் பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்கும். குமாஸ்தாக்களின் குடும்பங்களுக்கு அதற்கும் பின்னால் ஒரு பலாமரத்தடியில் பெஞ்சு.

எங்கள் வீட்டில் டென்னிஸ் தெரிந்த ஒரே ஆள் அத்தை, அப்பாவின் தங்கை. புறக்கடையில் குச்சியால் கோடு கிழித்து, எந்தக் கட்டத்துக்குள் பந்து விழ வேண்டும், எத்தனை தடவை தவறலாம் என்றெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பெரியவர்களுக்கு எல்லாமே தெரிந்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த வயது.

கடைசி ஆட்டத்தன்று காலையில் அப்பா அம்மாவிடமும் என்னிடமும் சொன்னார். “நீங்க ரெண்டு பேரும் வாங்க. அவ வீட்டுல இருக்கட்டும்.”

அடுக்களையிலிருந்து அத்தை வெளியே வந்தாள். “நானும் வருதேன் அண்ணாச்சி.”

“வெயிலு. ஒனக்கு ஒத்துக்கிடாது.”

“மூணு வருசமா வீட்டுக்குள்ளதான இருக்கேன். ஒரு நா வெயிலு என்னைய ஒண்ணுஞ் செய்யாது.”

அப்பா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அத்தைக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் எங்களோடு இருக்கிறாள் என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். உண்மை எனக்குப் பதினாலு வயதில்தான் தெரிந்தது. அத்தையின் கணவர் திருநெல்வேலியில் வக்கீல். நாலு வருஷமாகக் குழந்தை இல்லை என்று ஆடி மாதத்துக்கு அவளைப் பிறந்தகத்துக்கு அனுப்பியவர், பிறகு அழைத்துப்போக வரவில்லை. அடுத்த தை மாதம் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அன்றைக்குக் கடைசி ஆட்டம் ஆட இருந்த இருவரில் ஒருவர் அவர். இன்னொருவர் ஒரு தோட்டத் துரை. அப்பா ஒரு வாரம் சாப்பிடாமல் யோசித்தது ஜமீன்களைப் பற்றி மட்டும் அல்ல.

மேலகரம் தாண்டி வண்டி போனபோது அத்தையும் எங்களோடு இருந்தாள். பலாமரத்தடி பெஞ்சிலிருந்து எனக்குத் தெரிந்தது தலைப்பாகைகளும் குடைகளும் மட்டும்தான். கைதட்டல் கேட்கும், பந்து தெரியாது. முதல் செட்டை நம் வக்கீல் ஜெயித்துவிட்டார் என்று சத்தம் எழுந்தது. ஒரு துரையை நம்மாள் அடித்து ஆடுகிறார் என்பதில் கடைக்காரர்களுக்கெல்லாம் மார்பு விரிந்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்துக்குள் நுழைந்து போய்ப் பார்த்தேன். கிழக்கு முன்வரிசையில், தெற்குக் கோட்டுக்குப் பக்கத்தில், இரண்டு நாற்காலிகள் காலி. வெயில் தாங்காமல் யாரோ எழுந்து போயிருந்தார்கள்.

“அத்தை, முன்னால ரெண்டு நாற்காலி சும்மா கெடக்கு. வா.”

அம்மா என் காதைத் திருகினாள். “இங்கன இருட்டி. அப்பா கண்டா ஏசுவாவ.”

அத்தை என்னையே பார்த்தாள். “ஆடுதவங்களுக்கு அது தெரியுத எடமா?”

“பக்கத்துலதான் அத்தை. தொட்டுறலாம்.”

அவள் எழுந்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு அம்மாவே கையை விட்டாள்.

நாங்கள் உட்கார்ந்தபோது வக்கீல் வடக்குப் பக்கம் நின்று ஆடிக்கொண்டிருந்தார். உயரமான ஆள், வெள்ளைக் கால்சட்டை. அடித்த பந்தெல்லாம் கோட்டின் ஓரத்தில் விழுந்தது. பந்தல் நிழலில் நீலப்பட்டு உடுத்திய ஒரு பெண் மடியில் குழந்தையோடு உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை அந்தப் பக்கம் ஒரே ஒரு தடவை பார்த்தாள். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

பக்கம் மாறினார்கள். வக்கீல் துவாலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். பந்தை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தவர் அத்தையைப் பார்த்துவிட்டார். கையிலிருந்த பந்து நழுவி உருண்டது. அதை எடுக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அம்பயர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் கோட்டுக்குப் போனார். சர்வ் போட்ட முதல் பந்து வலையில். இரண்டாவதும் வலையில்.

“டபுள் ஃபால்ட்,” என்றாள் அத்தை, எனக்குப் பாடம் சொல்வதுபோல. அவள் விரல்கள் மட்டும் என் கையை நெரித்தன.

அடுத்ததும் அப்படியே. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அப்பா குனிந்தபடி நாற்காலிகளுக்கு இடையே ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“எந்திரி. பின்னால போ.”

“ஆட்டம் நடக்கும்போது எந்திரிக்கக் கூடாது அண்ணாச்சி.”

அது சரியான சட்டம். அப்பா அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு கேம் மட்டும் முடிந்தது. வக்கீல் அதில் தோற்றார்.

“இப்ப எந்திரி. எல்லாரும் பாக்குதாவ.”

“பாக்கட்டும். நான் யாரையும் ஒளிஞ்சு பாக்கலியே.”

“எம்மா, எனக்கு வேலை நெலைக்கணும்லா?” அப்பாவின் குரல் கெஞ்சியது. மேற்கே அப்பாவின் ஆபீஸ் பெரிய துரை தலையைத் திருப்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை மடியில் கைகோர்த்து நேராக உட்கார்ந்திருந்தாள். வெயில் அவள் முகம் முழுக்க அடித்தது. அவள் கையைக்கூடக் குறுக்கே வைக்கவில்லை.

அப்பா மெல்ல எழுந்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் சுற்றிவந்து, அத்தையின் நாற்காலிக்குப் பின்னால், அதன் முதுகுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பது நாற்காலிகளின் அதிகாரி வேறு எந்த நாற்காலியையும் கவனிக்காமல், ஆட்டம் முடியும்வரை அங்கேயே நின்றார். எல்லோர் முன்னாலும் எங்களை அடிக்க முடியாமல் காத்து நிற்கிறார் என்று நினைத்தேன்.

வக்கீல் அடுத்த இரண்டு செட்டுகளையும் இழந்தார். துரைக்கு எல்லோரும் கைதட்டினார்கள். நம் பக்கத்துக் கைதட்டலில் ஜீவன் இல்லை. வக்கீலின் கோட்டு எங்கள் வரிசை ஓரத்தில்தான் தொங்கியது. அதை எடுக்க வந்தவர், இரண்டு அடி தூரத்தில் நின்று வாயைத் திறந்தார். அப்பாவின் விரல்கள் சட்டத்தில் வெளுத்துப்போயின.

அத்தைதான் முதலில் பேசினாள். “ரெண்டாவது சர்வுக்கு இப்பமும் பந்தை ரொம்ப மேல போடுதீய.”

அவ்வளவுதான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கோட்டை எடுத்தார். பந்தலை நோக்கி அல்ல, வாசலை நோக்கி நடந்தார். எவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கு எங்கள் அத்தை யோசனை சொல்கிறாள் என்று எனக்கு ஒரே பெருமை.

திரும்பும்போது வண்டியில் அடிக்குக் காத்திருந்தேன். நாற்காலியைக் கண்டுபிடித்தது யார் என்றுகூட அப்பா கேட்கவில்லை. அத்தை என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்; அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தைரியம் வந்தது.

“அப்பா, எதுக்கு அந்த நாற்காலியப் புடிச்சுக்கிட்டே நின்னீய?”

அப்பா மாட்டின் முதுகைப் பார்த்தார்.

“அதுக்கு ஒரு காலு ஆடிச்சு,” என்றார்.

எனக்குத் திக்கென்றது. ஆடுகிற நாற்காலியை முன்வரிசையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாரே. பெரிய துரைக்குத் தெரிந்தால் வேலை போய்விடாதா? பாவம் அப்பா என்று, அதை நான் பல வருஷம் யாரிடமும் சொல்லாமல் காப்பாற்றி வைத்திருந்தேன்.