இங்கிலீஷில் ஒரு மன்னிப்புக் கடிதம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் தயாரித்த ஒரு பெரிய கம்பெனியின் சட்டப் பிரிவில் நாங்கள் ஐந்து பேர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தலைவர் நாற்காலி காலியானபோது, அது எனக்குத்தான் என்று வீட்டில் கேசரி கிளறச் சொல்லிவிட்டேன். வந்து உட்கார்ந்ததோ என்னைவிட எட்டு வயது இளைய பெண். ஆவடி டிஃபென்ஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். முதல் மாதம் முழுக்க அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை நான் பேசவில்லை. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வந்ததும் ஒரு வழக்கத்தை ஆரம்பித்தார். எந்தக் காகிதமும் கையெழுத்துக்குப் போகும் முன், அது யாரைப் பாதிக்குமோ அவரிடம் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். "இது ஆபீஸா, முதியோர் பள்ளியா?" என்று நான் கேலி பேசிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் வெளிநாட்டு ஒப்பந்தம் ஒன்றை ஸ்டோர் கீப்பரிடம் படித்தோம். முப்பது நாளில் சரக்கு தருவோம் என்ற இடத்தில் அவர் சிரித்துவிட்டார்.

"இன்னா மேடம், சிப்பு கஸ்டம்ஸ வுட்டு வெளிய வரவே நாப்பது நாளு ஆவுது. நீங்க முப்பதுன்னு எய்திகினு கீறீங்க."

எம்.டி.யே சம்மதித்திருந்த வரி அது. மேடம் அதை மாற்றினார். யார் கண்டுபிடித்தது என்று எம்.டி. கேட்டதற்கு, ஸ்டோர் கீப்பர் என்று தயங்காமல் சொன்னார். தன் பெயரைப் போட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அன்றே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. வெளியே சொல்லத்தான் வீம்பு விடவில்லை.

அந்த வருடமே பூந்தமல்லிக்காரர் ஒருவரின் வேலைக்கு ஆபத்து வந்தது. டெஸ்டிங் பிரிவில் பத்து வருடம் இருந்தவர். மாதக் கடைசி அவசரத்தில், பழுதான கம்ப்யூட்டர் போர்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் சரிசெய்து காலையில் கொண்டுவருவது அங்கே எல்லோரும் செய்வதுதான். ஃபோர்மேன் வாயால் சொல்லுவார், சீட்டு எதுவும் கிடையாது. அந்தமுறை கேட்டில் இருந்த புது செக்யூரிட்டி அவருடைய சாப்பாட்டுப் பையில் இரண்டு போர்டுகளைப் பிடித்துவிட்டார். ஃபோர்மேன் பயந்துபோய், எனக்கு எதுவும் தெரியாது என்று கையை விரித்துவிட்டார்.

பிடிபட்டவரிடம் அன்றே ஒரு மன்னிப்புக் கடிதம் வாங்கிவிடுவது எங்கள் பிரிவின் பழைய பழக்கம். அச்சடித்ததுபோல் ஒரே வாசகம், அழகான இங்கிலீஷ். எழுதியவன் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. "சும்மா ஒரு கையெழுத்துப்பா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, இங்கிலீஷ் தெரியாத அவரிடம் வாங்கினேன். திருடினேன் என்று அதில் இருந்தது. அது ஒன்று போதும், ஆளை வீட்டுக்கு அனுப்ப.

ஃபைல் மேடத்திடம் போனது. "சார், இது அவர் எழுதினதா?"

"அவர் கையெழுத்துதான் மேடம்."

"நான் கையெழுத்தைக் கேக்கல."

சனிக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறி, சஸ்பெண்டில் இருந்தவரின் வீட்டுக்கே போனார். கூடத்தில் உட்கார்ந்து கடிதத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னார். 'திருடினேன்' என்ற இடம் வந்ததும் அந்த மனிதர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை, கையெழுத்துக்குத் தயாராக இருந்த அவருடைய வேலைநீக்க உத்தரவை, எதுவும் தெரியாது என்றிருந்த ஃபோர்மேனிடம் அதேபோல் படித்தார். பாதியிலேயே அவர் கண் கலங்கி, நான்தான் எடுத்துப்போகச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டார். மேடம் என்னையும் கூட்டிக்கொண்டு நேராக எம்.டி.யிடம் போய், இந்தக் கடிதம் செல்லாது, ஆளைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றார்.

"இப்படி ஒரு கடிதத்தை வாங்கினது யாரு?" என்று எம்.டி. கத்தினார்.

"என் டிபார்ட்மென்ட் சார். பொறுப்பு என்னுது."

மேடம் வேலைக்கு வருமுன்பே நான் எழுதிவைத்த வாசகம் அது. பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. மேடத்தின் வேலை நிரந்தரமாவதை ஆறு மாதம் தள்ளிப்போட்டார்கள். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

வராந்தாவில், "என் பேரைச் சொல்லியிருக்கலாமே மேடம்" என்றேன்.

"எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? கையெழுத்துப் போட்டவர்கிட்ட சொல்லுங்க" என்றுவிட்டு நடந்துவிட்டார்.

பூந்தமல்லிக்காரர் வேலைக்குத் திரும்பிய அன்று டெஸ்டிங் பிரிவுக்குப் போனேன். அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான், மன்னித்துவிடு என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தார்.

"இன்னா எய்திக்கீதுன்னு கேக்கலாம்னு அன்னிக்கே வாய் வரிக்கும் வந்துச்சி சார். நீங்க எனுக்குக் கெடுதல் பண்ண மாட்டீங்கன்னு நம்பிதான் கேக்கல."