சம்பந்தி கொண்டுவந்த சேவல்

காயப்போட்ட பூண்டு வாசம், அதோடு நனைந்த கோழி இறகு வாடை... கவுஞ்சியில் எங்கள் வீட்டு வாசலுக்கென்று அப்போது அப்படி ஒரு மணம் உண்டு. பாரிஸ்காரன் மோந்திருந்தால் பாட்டிலில் அடைத்து விற்றிருப்பான்.

அந்த வாசலில்தான் பழனி மலையையே இரண்டாகப் பிளக்க இருந்த வழக்கு நடந்தது.

ஈஸ்வரி அக்காவுக்குப் பூம்பாறைச் செல்லையா மாமாவின் மகனைப் பேசியிருந்தார்கள். அக்காவுக்கும் அவர்மேல் மனசு. சம்பந்தம் கூடிவந்தால் முருகனுக்குச் சேவல் விடுவதாக இரண்டு வீடும் சேர்ந்து வேண்டிக்கொண்டது. குஞ்சு எங்கள் கோழி பொரித்தது. ஆனால் எங்கள் நாய்க்குக் கோழிமேல் பக்தி அதிகம் என்பதால், வளர்ப்பு மாமா வீட்டில்.

அப்பா சந்தேகத்தில் சக்கரவர்த்தி. கண்ணாடியில் தன் முகத்தையே ஒரு தரம் முறைத்துவிட்டுத்தான் ஷேவ் செய்வார். குஞ்சைக் கொடுத்தனுப்பும் முன் அதன் இடது இறக்கையை விரித்து, நீள இறகுகளின் நுனியைக் கத்தரிக்கோலால் சாய்வாக நறுக்கினார்.

அடையாளமாம்.

பூண்டு எடுத்து, காயவைத்து, சந்தைக்கு ஏற்றி முடிய மாதங்கள் ஓடிவிட்டன. நிச்சயத்துக்கு நாள் குறிக்க மாமா ஜீப்பில் வந்து இறங்கினார். கக்கத்தில் சேவல்.

பார்த்ததும் அப்பாவின் முகம் இருண்டது.

நாங்கள் கொடுத்தது காப்பிக்கொட்டை நிறம். வந்திருப்பதோ நெஞ்சு கரிக்கறுப்பு, முதுகு நெருப்புச் சிவப்பு, வாலில் பச்சை மினுமினுப்பு. கழுத்தில் பாதி மொட்டை. மீதியில் ஊசி ஊசியாக முளைத்த புது இறகுகள். ஒரே உடம்பில் நாலு கோழி குடியிருந்த மாதிரி... இடது இறக்கையைப் பார்த்தால், வெட்டின தடமே இல்லை. எல்லாம் முழு இறகு.

எனக்கு அப்போது இருபது வயது, வேலை இல்லை. ஆகவே துப்பறியும் இலாகா என்னுடையது. கொண்டையை ஆராய்ந்தேன், நகத்தை ஆராய்ந்தேன், குறுக்கு விசாரணை செய்தேன். சேவல் வாக்குமூலம் தர மறுத்தது.

அப்பா தொண்டையைச் செருமினார். "சாமிக்கு விட்டதையே மாத்துறவுக வீட்டுக்கு, எப்பிடிங்க எம்புள்ளைய அனுப்புறது?"

செல்லையா மாமா நிதானமாகத் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏங்க, நீங்க பொறக்கும்போதே மீசையோடவா பொறந்தீக?"

அதன்பின் பேச்சு தடித்தது. போன வருஷத்து வாய்க்கால் தகராறு வரைக்கும் போய்விட்டது. மாமா ஜீப்பை நோக்கித் திரும்பினார். நாள் குறிக்கப்போவதில்லை என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

பெண் பேச வந்த இடத்தில், கூப்பிடாமல் பெண் வெளியே வரக்கூடாது. ஈஸ்வரி அக்கா வந்தாள். மாமா கையிலிருந்த சேவலை வாங்கினாள். நாங்கள் எல்லோரும் மடங்கிக்கிடந்த இறக்கையைத்தான் பார்த்திருந்தோம். அவள் அதை விசிறி மாதிரி கடைசிவரை விரித்தாள். உள்ளேயிருந்து வரிசையாகப் புது இறகு, கறுப்பாக, பளபளவென்று. ஆக வெளியோரத்தில், அடியில் ஒளிந்துகொண்டு இரண்டே இரண்டு பழைய இறகு. வெளிறிய பழுப்பு. நுனி சாய்வாக வெட்டியிருந்தது.

"மத்ததெல்லாம் உதுந்து மொளச்சிருச்சுப்பா. இது ரெண்டும் இன்னும் விழல" என்றாள்.

அப்பா குனிந்தார். தொட்டார். இழுத்தே பார்த்தார். சேவல் கத்தியது.

"சரி... ரெக்கை நம்மளதுதேன். சேவலப் பத்திப் பெறவு யோசிப்போம்" என்றபடி, உள்ளே திரும்பி மாமாவுக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

நாள் குறித்தாயிற்று. பழனிக்குப் பஸ்ஸில் போகும்போது சேவல் மாமா மடியில். அப்பாவின் கண் இரண்டும் மாமா மேல். மலை இறங்கி முடியும்வரை அப்பா இமைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இப்போது அப்பாவும் இல்லை, செல்லையா மாமாவும் இல்லை. அக்கா நாயுடுபுரத்தில் இருக்கிறாள். போன வாரம் பேத்திக்குக் காலேஜ் சீட் கிடைத்ததற்குச் சேவல் விட்டார்கள். அடிவாரத்திலேயே வாங்கி, அப்படியே கொண்டுபோய்க் கொடுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியாயிற்று. யாரும் யாரையும் முறைக்கவில்லை.

"நல்ல செவப்புச் சேவல்தேன்" என்றாள் போனில். அப்புறம் அவளே சொன்னாள்:

"குஞ்சுல அது எப்பிடி இருந்துச்சோ... யாருக்குத் தெரியும்டா."